கணக்கு ஒத்து வருகிறது, மனம் ஒப்பவில்லை

கொடுங்கையூரில் ஒரு வீடு 8 லட்சம் ரூபாய்க்கு மூன்று ஆண்டு லீசுக்கு (தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு மாத வாடகையின்றிக் குடியிருந்து, காலி செய்யும்போது அதைத் திரும்பப் பெறும் ஏற்பாட்டுக்கு) வருகிறது என்றும், உங்கள் கணவர் தாளில் கணக்குப் போட்டு அது லாபம் என்று காட்டிவிட்டார் என்றும், ஆனால் வீட்டைப் பார்த்துவிட்டுத் தண்டையார்பேட்டைக்குத் திரும்பும் வழியெல்லாம் ஏதோ ஒன்று மனத்தை உறுத்திக்கொண்டே வந்தது, காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். காரணம் சொல்ல முடியாத ஓர் உணர்வை நம்பி, காரணத்தோடு நிற்கும் கணக்கைத் தள்ளலாமா என்பது உங்கள் கேள்வி.

முப்பத்தொரு ஆண்டுகள் வடசென்னையில் ஒரு வங்கிக் கிளையில் நகை மதிப்பீட்டாளராக இருந்தவன் நான். என் பிழைப்பே இந்தக் கேள்வியின் மேல்தான் நடந்தது என்பதால், கொஞ்சம் நீட்டியே பதில் சொல்கிறேன்.

அடகுக்கு வரும் வளையலைக் கையில் வாங்கிய மாத்திரத்தில், உரைகல்லை எடுப்பதற்கு முன்பே, 'இது சரியில்லை' என்று எனக்குத் தோன்றிவிடும். உரசிப் பார்த்து, அமிலத் துளி விட்டுச் சோதித்தால், பெரும்பாலும் அப்படியே இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைக் கடவுள் கொடுத்த வரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் விளங்கியது. ஒரு கன சென்டிமீட்டர் சுத்தத் தங்கம் 19.3 கிராம் எடை இருக்கும். 22 காரட் ஏறக்குறைய 17.8 கிராம், பித்தளையோ எட்டரை கிராம்தான். ஒரே அளவுள்ள இரண்டு கெட்டி வளையல்களில் பித்தளை வளையல் பாதி எடைகூட இருக்காது. இந்த எண்கள் எதையும் அறியாமலேயே என் உள்ளங்கை, ஆயிரக்கணக்கான நகைகளைத் தூக்கித் தூக்கி, 'இந்தப் பருமனுக்கு இந்த எடை' என்று பாடம் படித்து வைத்திருந்தது. பற்றுவைத்த இடத்தின் நிறமும், தேய்ந்த விளிம்பில் தெரியும் சாயலும், மேசையில் விழும்போது எழும் ஒலியும் அதே பாடத்தின் மற்றப் பக்கங்கள். எனக்குத் தோன்றியது காரணமில்லாத உணர்வன்று. காரணம் இருந்தது, அதை என் வாய் அறியவில்லை, அவ்வளவுதான்.

1978-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன் உள்ளுணர்வுக்குக் கொடுத்த விளக்கமும் இதுவே: அது ஏற்கெனவே கண்டதை மறுபடி அடையாளம் காண்பது; அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. அவரும் வில்லியம் சேஸும் 1973-இல் வெளியிட்ட சதுரங்க ஆய்வு இதற்கு நல்ல சாட்சி. நடந்துகொண்டிருக்கும் ஓர் ஆட்டத்தின் பலகையை ஐந்து நொடி மட்டும் காட்டிவிட்டு மறைத்தால், தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைத் திரும்ப அடுக்கிவிடுகிறார். புதியவருக்கு நாலைந்துக்கு மேல் நினைவில்லை. ஆனால் காய்களை ஒழுங்கின்றி இறைத்து வைத்துக் காட்டினால் அந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. தேர்ந்தவரின் நினைவாற்றல் பெரிதாக இல்லை. அவர் பார்த்துப் பழகிய வடிவங்கள்தாம் அதிகம்.

நம் பக்கத்தில் இதற்குச் சதுரங்கம் வரை போக வேண்டியதில்லை. வண்ணாரப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் கேரம் பலகை இல்லாத தெருவைத் தேடத்தான் வேண்டும். ஸ்ட்ரைக்கரை வைத்ததும் கோணத்தை அளந்துகொண்டா அடிக்கிறார்கள்? பலகையில் எவ்வளவு பவுடர், எந்த மூலை இழுக்கிறது, எவ்வளவு விசை கொடுத்தால் காய் மெதுவாகப் போய்க் குழியில் விழும் என்பதெல்லாம் விரல்களுக்குத் தெரியும். இரண்டு முறை உலகப் பட்டம் வென்று கேரமுக்கு அர்ஜுனா விருதைக் கொண்டுவந்த நம் சென்னைக்காரர் மரிய இருதயத்தின் விரலுக்கும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடுகிறவரின் விரலுக்கும் உள்ள வேறுபாடு, அடித்த அடிகளின் எண்ணிக்கை மட்டுமன்று; ஒவ்வோர் அடிக்கும் அந்த நொடியே விடை கிடைத்தது, தவறு உடனே திருத்தப்பட்டது என்பதும்தான். இந்தக் கடைசிச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தீயணைப்பு வீரர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று 1980-களில் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் கேரி கிளைன் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார். கிளீவ்லாந்து நகரில் ஒரு வீட்டின் சமையலறையில் தீ. குழுத் தலைவர் தண்ணீரைப் பீய்ச்சச் செய்கிறார், தீ அடங்கவில்லை. திடீரென்று அவருக்கு ஏதோ சரியில்லை என்று பட, எல்லோரையும் வெளியே ஓடச் சொல்கிறார். அவர்கள் வெளியேறியவுடன், நின்றிருந்த தரை சரிந்து விழுகிறது. உண்மையான தீ கீழே, நிலவறையில் எரிந்துகொண்டிருந்தது. தமக்கு ஏதோ அபூர்வ சக்தி இருப்பதாகவே அந்த மனிதர் நம்பியிருந்தார். பொறுமையாகக் கேட்டுப் பிரித்தபோதுதான் விவரம் வெளிப்பட்டது: சமையலறைத் தீக்கு அந்த முன்னறை அளவுக்கு மீறிச் சுட்டது, அவ்வளவு சூட்டுக்குத் தீயின் ஓசை மிகக் குறைவாக இருந்தது. அவர் கண்ட எத்தனையோ தீக்களோடு இது பொருந்தவில்லை. அந்தப் பொருந்தாமைதான் அச்சமாக வந்து அவர் நெஞ்சைத் தட்டியது.

மனித ஊகங்கள் எப்படியெல்லாம் சறுக்கும் என்பதையே வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டிருந்த டேனியல் கானெமன் (2002-இன் பொருளாதார நோபல்), கிளைனுக்கு நேர் எதிர்க் கட்சி. இருவரும் பல ஆண்டுகள் வாதிட்டு 2009-இல் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதினார்கள். உள்ளுணர்வை நம்ப இரண்டு நிபந்தனைகள் வேண்டும் என்பதில் அவர்களுக்குக் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. முதலாவது, அந்தத் துறையில் மறுபடி மறுபடி வரும் ஒழுங்கு இருக்க வேண்டும். இரண்டாவது, அந்த ஒழுங்கைக் கற்றுக்கொள்ளப் போதிய வாய்ப்பும், சரியா தவறா என்ற விடை காலம் தாழ்த்தாமல் திரும்பி வருவதும் வேண்டும். தனக்கு எவ்வளவு உறுதியாகத் தோன்றுகிறது என்பது ஓர் அளவுகோலே அன்று. தவறான ஊகமும் அதே உறுதியோடுதான் வரும்.

காசிமேட்டில் விடியற்காலை ஏலத்துக்கு வரும் பெண்களைப் பாருங்கள். கூடையை ஒரு பார்வை பார்த்துவிட்டு விலை கேட்கிறார்கள். அந்த ஒரு பார்வையில் செவுளின் சிவப்பும், கண்ணின் தெளிவும், எத்தனை நாள் ஐஸில் கிடந்த மீன் என்பதும் அடங்கிவிடுகின்றன. கணித்தது தவறினால் நண்பகலுக்குள் கூடையில் மிஞ்சிக் கிடக்கும் மீனே சொல்லிவிடும். ஆண்டுக்கு முந்நூறு நாள் இப்படிப் பாடம் கேட்ட கண்ணை நான் எந்த அட்டவணையை விடவும் நம்புவேன். அதே கடற்கரையில்தான் 2004 டிசம்பர் 26 காலை, காற்றையும் நீரோட்டத்தையும் எழுத்துப்போல் வாசிக்கத் தெரிந்த மீனவர்களுக்குக் கடல் எந்த முன்குறிப்பும் கொடுக்கவில்லை. அவர்கள் காலத்து அனுபவத்தில் அப்படியொரு அலை இல்லை. இல்லாத அனுபவத்திலிருந்து உணர்வு எங்கிருந்து வரும்? அந்த இடத்தை நிரப்ப நிலநடுக்கக் கருவிகளும் கடலடி அழுத்தமானிகளும் கொண்ட எச்சரிக்கை மையம்தான் வேண்டியிருந்தது. 2007-இல் ஐதராபாதில் அமைந்தது.

இனி என் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் நான் சறுக்கிய இடங்களில்தான் உங்களுக்குப் பயன் இருக்கிறது.

தங்கத்தில் என் கை தவறாது என்ற பெயர் வந்தவுடன், மனிதர்களிலும் தவறாது என்று எனக்கு நானே பட்டம் கட்டிக்கொண்டேன். எங்கள் தெருவில் ஒருவர் ஏலச்சீட்டு நடத்தினார். முகத்தைப் பார்த்தேன், பேச்சைக் கேட்டேன், நம்பலாம் என்று தோன்றியது, கட்டினேன். பதினான்காம் மாதம் வீடு பூட்டிக் கிடந்தது. யோசித்துப் பார்த்தால், நகைகளை நான் ஆயிரக்கணக்கில் எடைபோட்டிருந்தேன், அன்றைக்கே விடையும் தெரிந்துகொண்டேன். பணத்தை நம்பி ஒப்படைக்கத்தக்க மனிதரா என்று எடைபோட்டது வாழ்க்கையில் ஐந்தாறு முறைதான், அவற்றுக்கும் விடை வர ஆண்டுகள் ஆயின. ஓரிடத்தில் உழைத்துச் சம்பாதித்த நம்பிக்கையை இன்னோரிடத்தில் செலவழித்துவிட்டேன்.

என் தொழிலுக்குள்ளேயே இன்னொரு குழி இருந்தது. ஓய்வு பெறும் காலத்தில்தான் அதைக் கண்டேன். நான் நல்லதென்று ஏற்ற நகை போலியாக இருந்தால், என்றைக்காவது ஏலத்தில் உருக்கும்போது தெரிந்துவிடும். என் தலை உருளும். ஆனால் நல்ல நகையை நான் சந்தேகித்துத் திருப்பி அனுப்பியிருந்தால், அந்தத் தவறு ஒருபோதும் என்னிடம் திரும்பி வராது; வாடிக்கையாளர் அதைத் தங்கசாலைத் தெருவில் அடகு வைத்துக்கொண்டு போயிருப்பார். ஒரு பக்கத் தவறுக்கு மட்டும் விடை கிடைத்ததால், என் உள்ளுணர்வு ஆண்டுக்கு ஆண்டு சந்தேகப் பக்கமாகவே சாய்ந்துகொண்டு வந்தது. அதை நான் அனுபவ முதிர்ச்சி என்று எண்ணிக்கொண்டிருந்தேன். இன்னும் வெட்கப்பட வேண்டியது ஒன்று உண்டு. சாயம் போன சேலையோடு ஓர் அம்மாள் பத்துப் பவுன் ஆரத்தை நீட்டினால் நான்கு முறை உரசுவேன். அதே ஆரத்தைக் காரில் வந்து இறங்கியவர் நீட்டினால் ஒரு முறை. என் கை அதையும் 'தோன்றியது' என்றுதான் சொன்னது. வியாசர்பாடி, புளியந்தோப்பு என்று முகவரி சொன்னதும் வீடு தர மறுக்கும் தென்சென்னை வீட்டுக்காரரைக் கேட்டாலும் 'ஏனோ மனத்துக்குச் சரியாகப் படவில்லை' என்பார். அவர் வியாசர்பாடியைக் கண்டது திரையரங்கில்தான். பார்த்துப் பழகிய அறிவும், கேட்டுப் படிந்த எண்ணமும் நெஞ்சுக்குள் ஒரே குரலில்தான் பேசுகின்றன. அவற்றைக் குரலால் பிரிக்க முடியாது, எங்கிருந்து வந்தன என்று விசாரித்துத்தான் பிரிக்க வேண்டும்.

உள்ளுணர்வைப் போற்றுகிறவர்கள் உடனே இராமானுஜனைச் சொல்வார்கள். நானும் சொல்கிறேன், அவர் நம் பக்கத்து மனிதர். 1912-இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, ஜார்ஜ் டவுனில் குடியிருந்து, 1913 ஜனவரி 16 தேதியிட்ட கடிதத்தை ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதினார். அந்தக் கடிதத்தில் நிரூபணமின்றி அவர் எழுதியிருந்த சமன்பாடுகள் பல உலகத்தை வியக்க வைத்தன. ஆனால் பகா எண்களின் எண்ணிக்கையைப் பற்றி அவர் கூறியவை தவறாகிப் போயின என்பதை ஹார்டியே எழுதியிருக்கிறார். தொடர்களும் பின்னங்களும் அவர் பல்லாயிரம் முறை கையால் புரட்டிப் பார்த்த பொருள்கள். பகா எண்களிலோ நாம் எட்டிப் பார்க்கக்கூடிய சிறிய எண்கள் காட்டும் ஒழுங்கு, எட்டாத பெரிய எண்களில் ஏமாற்றிவிடும். 1914-இல் இன்னோர் ஆங்கிலேயக் கணித அறிஞர் லிட்டில்வுட் இதை நிரூபித்தே காட்டினார்: அதுவரை கணக்கிட்டுப் பார்த்த எண்களிலெல்லாம் தோராயச் சூத்திரம் உண்மையான எண்ணிக்கையை விடக் கூடுதலாகவே காட்டியது, ஆனால் அந்த உறவு எங்கோ தொலைவில் தலைகீழாகும், அப்படி முடிவில்லாமல் மாறிக்கொண்டே இருக்கும். இராமானுஜனுக்கே இந்தக் கதி என்றால், மூன்று வீடு மாறிய அனுபவத்தை வைத்து நாம் எவ்வளவு நெஞ்சை நிமிர்த்தலாம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைப் படித்துவிட்டு உங்கள் கணவர், 'அப்படியானால் கணக்கு மட்டும் போதும்' என்பாரானால் அதுவும் நடவாது. நரம்பியல் மருத்துவர் அந்தோனியோ டமாசியோ, நெற்றிக்குப் பின்னால் மூளையின் ஒரு பகுதி சேதமுற்ற நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அறிவுக்கூர்மை குறையவில்லை, தர்க்கம் பிசகவில்லை, உணர்ச்சி மட்டும் முடிவுகளோடு ஒட்டவில்லை. அவர்களில் ஒருவருக்கு அடுத்த வருகைக்கு இரண்டு தேதிகளைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, ஏறக்குறைய அரை மணி நேரம் இரண்டுக்கும் சாதக பாதகங்களை அடுக்கிக்கொண்டே போனாராம், முடிவுக்கு வராமல். எந்தக் கணக்கிலும் எங்கே நிறுத்துவது, எதைக் கணக்கில் சேர்ப்பது என்று சொல்வது உணர்வுதான்.

உங்கள் கணவரின் தாளை எடுத்துக்கொள்வோம். மாதம் 12,000 ரூபாய் வாடகை மிச்சம் என்றால் 36 மாதத்துக்கு 4,32,000. அந்த 8 லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டிருந்தால் ஆண்டுக்கு 56,000, மூன்று ஆண்டுக்கு 1,68,000. ஆகவே 2,64,000 ரூபாய் லாபம். கூட்டல் கழித்தலில் பிழையில்லை. ஆனால் அந்தத் தாளில் ஒரு வரி எழுதப்படவே இல்லை: மூன்று ஆண்டு கழித்து வீட்டுக்காரர் 8 லட்சத்தைத் திருப்பித் தருவாரா? லீசு வீட்டில் குடியேறுகிறவர் உண்மையில் வீட்டுக்காரருக்குக் கடன் கொடுக்கிறார்; கணக்கு அவரை வங்கிக்குச் சமமாக வைத்துக்கொண்டு ஓடுகிறது. உங்கள் உறுத்தல் அந்த எழுதாத வரியைத்தான் சுட்டுகிறதோ என்னவோ. இல்லாமலும் இருக்கலாம்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு சிறு சோதனை. அதே வீடு, அதே வீட்டுக்காரர், அதே தொகை. ஆனால் தண்டையார்பேட்டையில் உங்கள் அம்மா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். உறுத்தல் போய்விட்டதென்றால், அது வீட்டைப் பற்றிய எச்சரிக்கையன்று; பழகிய இடத்தை விட்டுப் போக மனமில்லாமை. அதுவும் மதிக்கத்தக்க காரணமே, மறைக்காமல் கணவரிடம் அந்தப் பெயரிலேயே சொல்லுங்கள். உறுத்தல் போகவில்லையென்றால், நீங்கள் ஏதோ ஒன்றைக் கண்டிருக்கிறீர்கள். கண்ணை மூடி, வாசலில் நுழைந்ததிலிருந்து ஒவ்வோர் அறையாக மறுபடி நடந்து பாருங்கள். சுவரின் கீழ்ப்பாதி மட்டும் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்ததா? பத்திரத்தைப் பற்றிக் கேட்டபோது பேச்சு வேறு பக்கம் திரும்பியதா? முன்பு குடியிருந்தவர்கள் ஏன் போனார்கள் என்பதற்கு வந்த பதில் தேவைக்கு மேல் நீளமாக இருந்ததா?

இந்த நிலையில் ஒன்றை வற்புறுத்துவேன். 'வேண்டாம்' என்று இழுக்கும் உணர்வையும் 'விடாதே' என்று தள்ளும் உணர்வையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். முதலாவதற்குச் செவி கொடுத்தால் இன்னொரு முறை பார்த்து வர ஆட்டோக் கூலி செலவாகும், அதிகம் போனால் ஒரு வீடு கை நழுவும். இரண்டாவதற்குச் செவி கொடுத்தால் மேற்கொண்டு பார்ப்பதையே நிறுத்திவிடுவீர்கள். 'இன்னிக்கே அட்வான்ஸ் குடுத்துடுங்கம்மா, வேற பார்ட்டி ரெடியா இருக்கு' என்று தரகர் அவசரப்படுத்துவது இந்த இரண்டாவதைத் தூண்டிவிடத்தான்.

உணர்வைக் கடைசியில் கேளுங்கள், முதலில் கேட்காதீர்கள். கானெமன் இளமையில், 1950-களில், இஸ்ரேலிய இராணுவத்தில் ஆளெடுக்கும் முறையைத் திருத்தியபோது கண்டது இது: தேர்வாளர்கள் ஒவ்வொரு குணத்துக்கும் தனித்தனியே மதிப்பெண் போட்டு முடித்த பிறகு, கண்ணை மூடி ஓர் ஒட்டுமொத்த மதிப்பைச் சொல்லச் சொன்னால், அந்த மதிப்பும் பயனுள்ளதாக இருந்தது, எடுத்த எடுப்பில் முகத்தைப் பார்த்துச் சொன்னது பயன்படவில்லை. பிறந்த குழந்தையின் நிலையைத் தெரிந்துகொள்ள வர்ஜீனியா ஆப்கார் 1952-இல் வகுத்த முறையும் அப்படிப்பட்டதே. நாடித்துடிப்பு, மூச்சு, தசையின் விறைப்பு, தூண்டினால் காட்டும் எதிர்வினை, தோலின் நிறம் என்று ஐந்து குறிகள், ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் இரண்டு வரை மதிப்பெண். பிரசவ அறையில் அனுபவம் மிக்க மருத்துவர்கள்கூடக் கண்பார்வையோடு நிறுத்தாமல் இந்த ஐந்தையும் பார்க்கிறார்கள்.

வீட்டுக்கும் நாலைந்து கேள்வி போதும். பதிவுத்துறையில் வில்லங்கச் சான்று எடுத்து, வீட்டின் மேல் பதிவான அடமானம் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். பதிவு செய்ய வீட்டுக்காரர் சம்மதிக்கிறாரா, அல்லது வெறும் முத்திரைத்தாளே போதும் என்கிறாரா? 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எதுவரை நின்றது என்று வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். பக்கத்து வீட்டிலும் தெருமுனைப் பெட்டிக்கடையிலும் கேளுங்கள். முன்பு குடியிருந்தவருக்குப் பணம் எத்தனை நாளில் திரும்பியது என்பதை, முடிந்தால் அவரிடமே கேளுங்கள். விடைகளைக் கணவர் போட்ட கணக்குக்குக் கீழே எழுதிய பிறகு, மறுபடி ஒரு முறை, இம்முறை மாலை இருட்டும் நேரத்தில், இருவருமாகப் போய் அந்த வீட்டுக்குள் கால்மணி நேரம் பேசாமல் நின்றுவிட்டு வாருங்கள். அப்போதும் உறுத்தினால் முன்பணம் கொடுக்காதீர்கள். கணவர் காரணம் கேட்டால், நான் சொன்னதாகச் சொல்லிக்கொள்ளலாம்.